தேய்பிறைத் தசமி

என் வீட்டில் ஒரே ஒரு அலுமாரி. அதில் மற்றவர்கள் வீட்டில் இருப்பதுபோல் நகையோ பட்டுச்சேலையோ இல்லை. கல்வெட்டுகள் இருக்கின்றன. எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறிய புத்தகம் கொடுப்பார்கள். கல்லில் எதுவும் வெட்டாவிட்டாலும் அதற்குப் பெயர் கல்வெட்டுத்தான். முன் அட்டையில் படமும் தேதியும், உள்ளே இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, வாழ்க்கை வரலாறு, உறவினரின் புலம்பல், வம்சாவளி, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். முக்கால்வாசிப் பேர் சாப்பிட்ட கையோடு அதைக் கதிரையில் விட்டுவிட்டுப் போவார்கள். நான் பொறுக்கிக்கொண்டு வருவேன்.

பொலிஸில் குற்றப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்து சார்ஜன்டாக ஓய்வுபெற்றவன் நான். ஊர்காவற்றுறை ஆள், வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், தகப்பன் கடற்றொழில். ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க ஏலாமல் விசாரணை வேலை செய்யத் தொடங்கினேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கச் சொல்லுவார்கள். சட்டத்தரணிகள் காணிக்கு உரித்தாளி யார் என்று கேட்பார்கள். அதற்கெல்லாம் என் அலுமாரி போதும். யாருக்கு யார் மச்சான், யார் எந்த நாட்டில், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் வம்சாவளியில் விடுபட்டுப் போனார் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. ஊரில் என்னைத் துப்பறிவாளர் என்று பகிடி பண்ணுவார்கள். கோபம் வரும். ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

அந்தப் பெண் ஒரு காலை நேரம் வந்தாள். யாழ்ப்பாணத்தில் இருக்கிற ஒரு சட்டத்தரணி அனுப்பியிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கத்தரிப்பூ நிறத்தில் சாதாரண நூல்சேலை, இடது கையில் ஆண்கள் கட்டுகிற பெரிய மணிக்கூடு. வடிவான பெண் என்று சொன்னால் அது பாதிதான். நாங்கள் கதைக்கும்போது மற்றவர்கள் தாங்கள் அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். அவள் கேட்டாள். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு வேண்டியிருந்ததுபோல் கேட்டாள். மனைவி இறந்துபோன ஆறு வருடத்தில் என்னை அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

விசயம் இதுதான். புங்குடுதீவில் அவளுடைய சித்தப்பாவுக்கு ஒரு பெரிய வீடு. அவர் இளம் வயதிலேயே தெற்கே ஒரு பட்டணத்தில் கடை வைத்தவர். கலியாணம் செய்யவில்லை. முப்பது வருடமாக ஊருக்கு வரவில்லை. இப்போது இறந்துவிட்டார். அவருடைய தமையனின் மகள் இவள். வேறு உரித்தாளி இல்லை. இவள் பன்னிரண்டு வருடம் ஐரோப்பாவில் இருந்து, அகதி வழக்குத் தோற்று, ஒரு கைப்பையோடு திருப்பி அனுப்பப்பட்டவள். வீட்டை வாங்கி இடித்துவிட்டு விடுதி கட்ட ஒருவர் காத்திருந்தார். இறந்தவரின் சொத்தை அவள் பெயருக்கு மாற்றுகிற மரணசாதன வழக்கு முடிந்தால் விற்பனை உறுதி எழுதலாம். அதற்கு, ஊரில் விசாரித்தேன், இவர் இறந்தது உண்மை, வேறு வாரிசு இல்லை என்று நான் ஒரு சத்தியக்கடதாசி கொடுக்கவேண்டும்.

மரணச் சான்றிதழைக் காட்டினாள். பிறகு பையிலிருந்து கல்வெட்டை எடுத்து இரண்டு கையாலும் தந்தாள். அதோடு என் சந்தேகம் எல்லாம் போய்விட்டது. கள்ள உறுதி எழுதியவனைப் பிடித்திருக்கிறேன். பொய்ச் சாதகம் எழுதியவனைப் பிடித்திருக்கிறேன். உயிரோடு இருக்கிற ஒருவருக்குக் கல்வெட்டு அடிப்பதை நான் கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் ஆட்கள் எதற்கும் துணிவார்கள், அதற்குத் துணியமாட்டார்கள் என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

வழக்கம்போல் முதற்பக்கத்திலிருந்து வாசித்தேன். அட்டையில் இருந்த தேதி சான்றிதழில் இருந்த அதே தேதி. அந்த நாளை எனக்கு நன்றாக நினைவிருந்தது. நயினாதீவுக்கு ஒரு வேலையாகப் போக வெளிக்கிட்டு, அன்று போயா என்பதை மறந்துபோய், குறிகட்டுவான் இறங்குதுறையில் தெற்கிலிருந்து வந்த யாத்திரிகர்களுக்கு நடுவே மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்று, வள்ளத்தில் இடம் கிடைக்காமல் எல்லோரையும் திட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். போயா என்றால் முழுநிலவு. வெண்பாவோ தேய்பிறைத் தசமி என்றது.

கடற்றொழிலாளியின் மகனுக்குப் பிறை பார்க்கப் பஞ்சாங்கம் தேவையில்லை. பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினேன். பத்து நாள் பிழைத்தது. இன்னொரு முறை எண்ணினேன். அப்போதும் பத்து நாள்.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமோ அண்ணை?" என்றாள்.

நான் கல்வெட்டை மூடிவைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். தண்ணீர் வார்க்கிற நேரத்துக்குள் ஒரு நியாயமும் கண்டுபிடித்துவிட்டேன். வெண்பா எழுதுகிற புலவருக்குத் தளை தட்டாமல் இருந்தால் போதும், பிறையைப் பற்றி அவருக்கு என்ன கவலை. இருபத்தெட்டு வருடம் மற்றவர்கள் சொன்ன சாட்டுகளைக் கேட்டுச் சிரித்தவன், அன்று எனக்கே ஒரு சாட்டுச் சொல்லி அதை நம்பினேன்.

விசாரணை இரண்டு நாளில் முடியவேண்டிய வேலை. நான் எட்டு நாள் இழுத்தேன். அவள் ஸ்கூட்டரில் வருவாள், நான் மோட்டார் சைக்கிளில் முன்னால் போவேன். தினமும் முகம் வழித்தேன். யாழ்ப்பாணம் போய் நீலத்தில் ஒரு புதுச் சேட்டும் வாங்கினேன். ஐந்தாம் நாள் தலைக்கு மை பூசலாமா என்றுகூட யோசித்தேன் என்பதை இப்போது எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது.

புங்குடுதீவில் அரைவாசி வீடுகள் பூட்டிக் கிடக்கும். ஆட்கள் இருக்கிற வீடுகளுக்குப் போய்க் கல்வெட்டைக் கொடுத்தோம். பார்த்தவுடன் பெண்கள் அழுதார்கள். "இவர் எங்கடை பெடியளுக்குக் கடையிலை வேலை குடுத்தவரெல்லோ" என்றார்கள். சித்தப்பாவின் வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. உப்புத் தண்ணீர்த் தீவில் அது பெரிய செல்வம். வேலி இல்லாத அந்த வளவுக்குள் வந்து முப்பது வருடமாக அயலார் தண்ணீர் அள்ளுகிறார்கள். புண்ணியவான் என்று அவர்கள் சொல்லச் சொல்ல நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். இறந்தது உண்மையோ என்று நான் கேட்கவே இல்லை. கல்வெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யார்தான் அப்படிக் கேட்பார்கள்.

அந்தக் கல்வெட்டின் புலம்பலை அவளே எழுதியிருந்தாள். பெறாமகள் புலம்பல் என்று தலைப்பு. மற்றக் கல்வெட்டுகளில் வருகிற வழக்கமான வரிகளுக்கு நடுவே இரண்டு வரி என்னை நிறுத்தின.

கடல்கண்டு நானழக் கைபிடித்துத் தோளேற்றிக்
கரைகாட்டித் தேற்றியது மறந்தீரோ சித்தப்பா

இதை எழுதிய ஒருத்தி பொய் சொல்லமாட்டாள் என்று நினைத்தேன். அந்த வரிகளில் பொய் இல்லைத்தான். ஒன்பதாம் நாள் சட்டத்தரணியின் அறையில் சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைத்தேன். அவள் "நன்றி அண்ணை" என்று என் கையைப் பிடித்தாள். பிறகு என் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

வந்துகொண்டிருந்தால் நான் மிச்சத்தைக் கண்டுபிடித்திருக்கமாட்டேன். அதுதான் உண்மை. வராதபடியால் மனம் புளித்துப்போய், செய்வதற்கு ஒன்றுமில்லாமல், புதிதாகச் சேர்ந்திருந்த கல்வெட்டுகளை ஒழுங்குபடுத்தினேன். அதில் ஒன்று அதே தெற்குப் பட்டணத்தில் கடை வைத்திருந்த இன்னொரு தீவு வியாபாரியுடையது. கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். மாலை கொண்டுவந்தவர்கள், சமைத்தவர்கள், பந்தல் போட்டவர்கள். அதற்குக் கீழே, மரணச்சடங்கில் தேவாரம் பாடியவர் என்று ஒரு பெயர். ஊர் புங்குடுதீவு. தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சரி.

சித்தப்பா இறந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு நடந்த செத்தவீட்டில் சித்தப்பா தேவாரம் பாடியிருக்கிறார்.

 வழக்குத் தவணைக்கு இரண்டு கிழமை இருந்தது. தவணை முடிந்த கையோடு வீட்டை இடிக்க இயந்திரம் பிடித்துவைத்திருந்தார்கள். அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் தெற்கே போனேன்.

அவர் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். கடையை எப்போதோ கைமாற்றிவிட்டார். மெலிந்த மனிதர், ஒரு கண் பார்வை போய்விட்டது. அதே பெயருள்ள வேறொருவர் அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இறந்திருக்கிறார். சான்றிதழ் அவருடையது. எப்படிச் சொல்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போன நான், கடைசியில் பேசாமல் கல்வெட்டை அவருடைய கையில் கொடுத்தேன். அவர் தன்னுடைய படத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்குக் கண் வடிவாத் தெரியாது தம்பி, நீர் வாசியும்" என்றார்.

வாசித்தேன். தன்னுடைய வாழ்க்கை வரலாற்றை அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறாள். கடை வைச்ச வருசம் மட்டும் பிழை."

புலம்பலில் அந்த இரண்டு வரி வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகேக்கை. அவளுக்கு நாலு வயது. வள்ளத்திலை சத்தி எடுத்தவள், என்ரை சேட்டிலை." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "வீடு இன்னும் நிக்குதோ?"

"நிக்குது ஐயா. இடிக்கப்போகினம்."

"சண்டை முடிஞ்சு பாதை திறந்தாப் பிறகும் நான் வரேல்லை. ஆர் இருக்கினம் எண்டு வாறது? ஆனா இஞ்சை கிடந்து சாக எனக்கு விருப்பமில்லை தம்பி. என்ரை கிணத்துத் தண்ணியைக் குடிச்சு, என்ரை வீட்டிலை கிடந்து சாகவேணும். அது ஒண்டுதான்."

ஊருக்குத் திரும்பியதும் அவளைத் தேடிப் போனேன். அந்த வீட்டில்தான் இருந்தாள். விறாந்தையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் பத்து நாளில் இடிபடப்போகிற வீட்டை ஏன் கூட்டுகிறாள் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

"கூட்டாமல் குடுக்க மனம் வரேல்லை" என்றாள், நான் கேட்காமலே.

"உம்முடைய சித்தப்பா உயிரோடை இருக்கிறார். நான் போய்ப் பாத்தனான்."

தும்புத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். எங்கே, எப்படி என்று எதுவும் கேட்கவில்லை.

"சுகமா இருக்கிறாரோ?"

"ஒரு கண் தெரியாது. இந்த வீட்டிலை வந்து சாகவேணுமாம்."

முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "முப்பது வருசம் ஒரு கடிதம் இல்லை அண்ணை. இருந்தா என்ன, இல்லாட்டி என்ன எண்டுதான் நினைச்சன். எனக்கு இஞ்சை இருக்க ஏலாது. போறதுக்கும் ஒரு இடம் இல்லை." பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "கல்வெட்டை முதல் அடிச்சிட்டன். சான்றிதழ் பேந்துதான் கிடைச்சது. அட்டையை மாத்தி அடிச்சன். வெண்பாவை மாத்த ஏலாமல் போச்சு, எழுதின புலவர் மகளிட்டைக் கனடாவுக்குப் போயிட்டார்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நான் உம்மை நம்பினனான்" என்று சத்தம் போட்டேன்.

"இல்லை அண்ணை. நீங்கள் முதல் நாளே கண்டனீங்கள். விரலிலை எண்ணினீங்கள், ரெண்டு தரம். நான் வாசலிலை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். எழும்பிப் போ எண்டு சொல்லப்போறீங்கள் எண்டு நினைச்சன். நீங்கள் தண்ணி எடுக்கப் போயிட்டீங்கள்."

 கிணற்றடியில் யாரோ தண்ணீர் அள்ளுகிற கப்பிச் சத்தம் கேட்டது. அவள் மறுபடியும் தும்புத்தடியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து கூட்டத் தொடங்கினாள். ஓடிப்போவாள் என்று நினைத்தேன், ஓடவில்லை. அன்று பின்னேரம் நான் சட்டத்தரணியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் என்று எழுதிவிட்டேன். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும்.

அந்த ஒன்றை நீதிமன்றத்தில் கேட்டார்கள். அவள்மீது வழக்கு நடந்தபோது நான் சாட்சி. குற்றப் பிரிவில் இத்தனை வருடம் இருந்தவர், தேதியும் திதியும் பொருந்தாததைக் கவனிக்கவில்லையா என்று நீதவான் கேட்டார்.

"நான் வேதக்காரன் ஐயா. திதி எனக்குத் தெரியாது" என்றேன்.

மிகச் சுலபமாக வந்த சொல். நீதவான் தலையாட்டினார். சட்டத்தரணி தலையாட்டினார். நான் வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தேன். அவள் கூண்டில் நின்று என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பெயர் அன்றோடு போயிருக்கும். அவள் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை. தான் தனியாகச் செய்ததாக ஒப்புக்கொண்டாள். சித்தப்பா எழும்பி, "என்ரை பிள்ளை ஐயா, விட்டுவிடுங்கோ" என்று கும்பிட்டார். சிறைத்தண்டனையை ஒத்திவைத்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனாள். கொழும்புப் பக்கம் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

அவரை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டேன். வாகனத்தால் இறங்கியதும் உள்ளே போகாமல் நேரே கிணற்றடிக்குப் போனார். அயல்வீட்டுப் பெண் வாளியை விட்டுவிட்டு விலகி நின்றாள். கல்வெட்டைக் கட்டிப்பிடித்து அழுத அதே பெண். "பயப்பிடாதை பிள்ளை, அள்ளித் தா" என்றார். இரண்டு கையையும் குவித்துப் பிடித்து, மூச்சு விடாமல் குடித்தார்.

ஒன்றரை வருடம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் அவரிடம் போவேன். அந்தக் கல்வெட்டைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். புலம்பலை வாசிக்கச் சொல்லுவார். அந்த இரண்டு வரி வந்ததும் கையைத் தூக்குவார். "அவள் உம்மோடை கதைச்சவளோ?" என்று ஒவ்வொரு கிழமையும் கேட்பார். அவளுடைய போன் இலக்கம் என்னிடம் இருந்தது. இல்லை ஐயா என்பேன். இரண்டு மூன்று முறை போனைக் கையில் எடுத்தேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். அவர் செத்ததாகக் கையெழுத்து வைத்தது முதலாவது என்றால், அவருக்குச் செய்த இரண்டாவது துரோகம் அது என்று இப்போது தெரிகிறது.

ஒரு விடியற்காலை, தன் வீட்டில், தன் கட்டிலில் போனார். ஆசைப்பட்டபடி போனார். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு வேண்டும், உங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும் என்று அயலார் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். புதிதாக எழுத அவருக்கு யாரும் இருக்கவில்லை. பழைய கல்வெட்டைக் கொண்டுபோய் அச்சகத்தில் கொடுத்தேன். கடை வைத்த வருடத்தைத் திருத்தினேன். திதிக்கு ஒரு புது வெண்பா எழுதுவித்தேன். புலம்பலில் கைவைக்க மனம் வரவில்லை. அவளைக் கேட்காமல் அச்சடிக்கவும் மனம் வரவில்லை. அன்றுதான் அவளுக்குப் போன் எடுத்தேன்.

செய்தியைச் சொன்னதும் கொஞ்ச நேரம் அழுதாள்.  பிறகு விசயத்தைச் சொன்னேன்.

"புலம்பல் அப்பிடியே இருக்கட்டும் அண்ணை. என்ரை பேர் போடவேண்டாம்."

"போடுறன். அவர் கடைசிமட்டும் உம்மைத்தான் கேட்டவர்."

மறுபக்கத்தில் பஸ் ஒன்று போகிற சத்தம் கேட்டது. அவள் தெருவில் நின்றிருக்கவேண்டும்.

"இந்த முறை திதி சரியோ? பாத்தனீங்களோ?"

"பாத்தனான்" என்றேன். "முந்தின கல்வெட்டிலையும் பாத்தனான்."

"அது எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு கோபமில்லாத குரலில் கேட்டாள். "அதைக் கோட்டிலை நீதவான் கேக்கேக்கை சொல்லியிருக்கலாமே அண்ணை?"

"ஓம்" என்றேன்.